அமானிதமாக விட்டுப்போன கால்

ஆலங்குடா
10.10.2016, திங்கட்கிழமை

பிஸ்மில்லாஹ்.

கத்தாரில் வெயிலில் நின்று உழைக்கும் அன்புத் தம்பி அம்ஜத் அறிய வேண்டியது. உங்கட நானாவின் மனைவி, மதினி சித்தி ஸுலைஹா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறவள் நான். நேற்று அஸருக்கு மட்டும் கேட்கவில்லை. மஃரிபில் கேட்டேன், ஆனால் மனமில்லாமல். இஷாவில்தான் பழையபடி கேட்க முடிந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன், மறைத்தால் அதுவும் என் கணக்கில் ஏறும்.

நேற்று லுஹருக்குப் பிறகு நீங்கள் கோல் எடுத்து நாலு நிமிடம் கத்தினீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், லைன் வெட்டுப்பட்டது. உங்கட காசு முடிந்ததா, அல்லாஹ்வின் நாட்டமா, தெரியாது. திரும்ப எடுப்பீர்கள் என்று போனை மடியிலேயே வைத்துக்கொண்டு மீன் கழுவினேன், சோறு வடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே கடிதம். கடிதத்துக்கு லைன் வெட்டுப்படாது. பக்கத்து வீட்டு சாரா உம்மாவின் மகன் நளீர் புதன்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். நீங்கள் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்து முடிக்கிற மட்டும் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

நீங்கள் சொன்னதை அப்போதே கொப்பியில் எழுதி வைத்தேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். ‘மதினி, அஞ்சு மாசமாக் காலத் தூக்கியா வெச்சிரிக்கீங்க? றப்பர் வெடிச்சிரிக்கும். கடல்ல இறக்கினாத் தண்ணி உள்ளுக்கு வந்து போட் தாண்டு போகும். அமானிதத்த நாசமாக்கிட்டீங்களே! வெள்ளிக்கிழம ஆள் அனுப்புறன், போட்டக் குடுத்து விடுங்க. வித்துடுறன்.’ தம்பி, போட் உங்கட போட், விற்பது உங்கட இஷ்டம். நவம்பரில் டொல்பின் பார்க்கிற ஆட்கள் வரத் தொடங்கியதும் இதை ஓட்டலாம் என்று உங்கட நானா காத்திருக்கிறார், அதுவும் போகட்டும், ரிஸ்க்கை, உண்ணும் சோற்றை, தருகிறவன் அல்லாஹ், நீங்கள் இல்லை. ஆனால் நம்பி ஒப்படைத்த பொருளைக் கெடுத்தவள், ‘அமானிதத்தை நாசமாக்கினவள்’ என்ற பெயரோடு நான் கப்றுக்குப் போக மாட்டேன். எனக்கு அந்த ஒரு சொல்தான் வழக்கு. மற்றதெல்லாம் சாட்சி.

எட்டாம் வகுப்போடு நின்ற பொம்பிளைக்கு போட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். தெரியும். மற்றவர்கள் போட்டில் மெசின் முழுசாகப் பின்னால் வெளியே தொங்கும், கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம். உங்கட போட்டில் எஞ்சின் உள்ளே இருக்கிறது, பின்னால் தொங்குவது கால் மட்டும். காலின் அடியில் விசிறி. கால் போட்டோடு சேருகிற இடத்தில், ஆர்மோனியப் பெட்டியைப் போல மடிப்பு மடிப்பாக ஒரு றப்பர். காலைத் தூக்கி இறக்க இரண்டு பக்கமும் எண்ணெயில் நீண்டு சுருங்குகிற இரண்டு இரும்புக் கைகள். இதில் ஒன்றும் நீங்கள் சொல்லித் தந்ததில்லை. போட்டுக்குள் கிடந்த இங்கிலீஷ் புத்தகத்தை நோன்பு மாதத்தில், பகலில் அடுப்பு எரியாத நேரமாகப் பார்த்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு சொல் வீதம் வாசித்தேன். ட்ரெய்லரில் ஏற்றிப் போவதைப் பற்றிய பாடம் முழுசாக முடிந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது? காலைத் தூக்கு, தூக்கினால் முட்டுக் கொடு, எண்ணெய்க் கைகளை மட்டும் நம்பாதே. பெருநாள் பிறை கண்டதோடு புத்தகத்தை மூடினேன், அடுத்த பாடத்துக்குப் போக நேரம் கிடைக்கவில்லை.

இந்த முட்டின் கதையை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை, என்னுடைய உலக்கையும் மறக்காது. மே மாதம் ஐந்தாம் தேதி, உங்கட நானாவின் கண்ணைக் காட்ட சிலாபம் ஆஸ்பத்திரிக்கு வந்த எங்களை, ‘போட்டக் கொண்டு போறன், அதே லொறியில ஏறுங்க’ என்று ஏற்றினீர்கள். சந்தையில் அன்று நான் ஒரு உலக்கை வாங்கியிருந்தேன், வைரம் பாய்ந்தது, பூண் போட்டது, நான்கு கடை ஏறி இறங்கித் தட்டிப் பார்த்து வாங்கியது. முந்தலைத் தாண்டியதும் பின்னால் ட்ரெய்லரோடு உட்கார்ந்து வந்த மெக்கானிக் நிக்கொலஸ் லொறியின் பலகையில் அடிக்கத் தொடங்கினார். ‘தம்பி, நிப்பாட்டுங்க! கால் ஆடுது! அந்த ரெண்டு கைதான் முழுப் பாரத்தையும் பிடிச்சிக்கிட்டு வருது. ஒவ்வொரு குழியும் அதுக்கு ஒரு சம்மட்டி அடி. இடையில கட்ட குடுக்கணும்!’ நீங்கள் என்ன சொன்னீர்கள்? ‘மதுரங்குளியில பாப்பம்.’ மதுரங்குளியில் பார்த்தோம். மரக்கடை பூட்டியிருந்தது, ஆட்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். நீங்களும் போய்த் தொழுதிருந்தால் கடை திறந்திருக்கும். அதை விட்டுவிட்டு, லொறியைச் சுற்றி வந்த உங்கட கண், என் மடியில் கிடந்த உலக்கையில் வந்து நின்றது. ‘மதினி, இத ஒருக்காத் தாறீங்களா?’ ஒருக்கா! உலக்கையை வாளால் ஒருக்காத்தானே அரிய ஏலும்? ஒரு துண்டு வலது பக்கம், ஒரு துண்டு இடது பக்கம், காலுக்கும் போட்டின் முதுகுக்கும் நடுவில் இறுக்கிக் கயிறு போட்டீர்கள். அதற்குப் பிறகு பாலாவிச் சந்தி, நுரைச்சோலை, எங்கட வாசல் வரைக்கும் கால் ஒரு நூல் அசையவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும், நீதி நீதிதான். கொப்பியிலும் அப்படியே இருக்கிறது. ‘மே 5, காலை: உலக்கை ஒன்று. பகல்: உலக்கை இரண்டு, இடிக்க ஏலாது. கால்: சுகம்.’

வாசலில் போட்டை நிறுத்திய கையோடு உங்களுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. வேனில் பாதி உடம்பை ஏற்றிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே இருக்க, என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். ‘மதினி, இது உங்களுக்கிட்ட அமானிதம். காலில ஒருத்தரையும் கை வெக்க விடப் போடாது. நான் விட்ட மாதிரியே இரிக்கணும்.’ நீங்கள் விட்ட மாதிரி எந்த மாதிரி, தம்பி? மேலே! தூக்கினபடி! இறக்கி வைத்துவிட்டுப் போக மறந்தது யார்? சித்தி ஸுலைஹாவா? நாலு சாட்சிக்கு முன்னால் ஒரு பொருளை ஒரு விதமாக ஒப்படைத்துவிட்டு, ஐந்து மாதம் கழித்து, ‘ஏன் அதே விதமாக வைத்திருக்கிறீங்க’ என்று கேட்கிற நியாயத்தை நீங்கள் எந்த மத்ரஸாவில் படித்தீர்கள்?

அமானிதம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொண்ணூறில் இயக்கத்து ஆட்கள் முஸ்லிம்கள் எல்லாரையும் மன்னாரை விட்டு வெளிக்கிடச் சொன்னபோது எனக்கு வயது பதினாலு. உம்மா தையல் மெசினைத் தூக்க ஏலாமல், அதை முன்வீட்டு இன்னாசிப்பிள்ளை மாமாவின் வீட்டில் வைத்துவிட்டு வந்தா. மெசினின் ஊசிக்கடியில் என்னுடைய நீலச் சட்டையின் ஒரு கை பாதி தைத்தபடி இருந்தது. அதை எடுக்கக்கூட நேரமில்லை. இருபது வருடம் கழித்து உம்மாவும் நானும் போனோம். மாமா அறையைத் திறந்து காட்டினார். மெசின் அதே மூலையில், ஊசியில் அதே நீல நூல், அடியில் அதே சட்டைக் கை. தன் சொந்த மகளுடைய கல்யாணத்துக்குக்கூட அந்த மெசினைத் தொட விடவில்லையாம், வெளியில் கூலி கொடுத்துத் தைத்தாராம். உம்மா அந்தச் சட்டைக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதா. மெசின் பிறகு ஓடவில்லை, முழுக்கத் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது, அது வேறு கதை. ஆனால் நூல் மாறவில்லை, தம்பி! வைத்தது வைத்த மாதிரி இருந்தது. அதைக் கண்ணால் கண்ட நான், நீங்கள் தூக்கி வைத்துவிட்டுப் போன காலை இறக்குவேனா?

நான் உங்கட அமானிதத்துக்குச் செய்ததைக் கேளுங்கள். வந்த அன்றே உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவினேன், நாற்பத்தொரு வாளி, எண்ணினேன். உலக்கைத் துண்டுகள் நவம்பர் வரைக்கும் தாங்குமோ என்று மரவேலை செய்கிற செய்னுலாப்தீன் பாஸைக் கூப்பிட்டு, என் குசினி ராக்கையின் பலகையைக் கழற்றிக் கொடுத்து, காலுக்குக் கீழே ஒரு மரத்தாங்கி செய்வித்தேன். அளவெடுத்துச் செய்த வேலை. சாரா உம்மா வேலியால் எட்டிப் பார்த்து, ‘என்ன ஸுலைஹா, மையத்துத் தூக்குற சந்தூக்குக் காலு மாதிரி இரிக்கே, யாரு மௌத்து?’ என்று கேட்டா. காலுக்கு முதலில் பழைய போர்வை, அதன் மேல் சாக்கு, அதன் மேல் நிலம் வரைக்கும் தொங்குகிற நீலத் தறப்பாள். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுவிட்டு வந்து ஆயத்துல் குர்ஸி ஓதி அதன் மேல் ஊதுவேன். பிறகு தறப்பாளின் மேலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பேன், கனமான சத்தம் வரும். ‘நல்ல இரும்பு’ என்று உங்கட நானாவிடம் சொல்வேன். அவரும் ‘ஓம், நல்ல இரும்பு’ என்பார். பிறகு கொப்பியில் எழுதுவேன். ‘கால்: மேலே.’ அடுத்த நாள்: ‘கால்: மேலே.’ நேற்று வரைக்கும் நூற்றைம்பத்தெட்டு நாள், நூற்றைம்பத்தெட்டு ‘மேலே.’ நடுவில் மூன்று மட்டும் உங்கட நானாவின் கையெழுத்து, அதற்கும் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

பத்து நாள் போனதும் நிக்கொலஸ் வந்தார். வந்தவர் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சும்மா போகலாம்தானே? தறப்பாளைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தார்.

‘அக்கா, கால் இன்னும் மேலயா இருக்குது? மாதாவே! ரோட்டில போகும்போதுதான் தூக்குறது. ஒரு இடத்தில நிப்பாட்டி வைக்கும்போது முழுசா இறக்கி விடணும். தூக்கி வைச்சா அந்த றப்பர் மடிஞ்சபடி கிடந்து வெடிச்சிரும். இறக்கினாத்தான் அதுக்கு நிம்மதி, உள்ள நிக்கிற தண்ணியும் வடிஞ்சிரும்.’

‘நிக்கொலஸ், இது ட்ரெய்லர்ல தானே நிக்கிது?’

‘ஓம்.’

‘அடியில உருளுற சில்லு இரிக்கா இல்லியா?’

‘இருக்குது.’

‘சில்லு மேல இரிக்கிறது முஸாபிர். பயணத்தில இரிக்கிறவனுக்கு ஒரு சட்டம், ஊரோட தங்கினவனுக்கு ஒரு சட்டம்.’ பிறகு நோன்பு மாதத்தில் வாசித்த புத்தகத்திலும் ட்ரெய்லரில் இருந்தால் தூக்கு என்றுதான் இருந்தது.

‘அக்கா, பத்து நாளா ஒரே மணலில நிக்கிறதெல்லாம் ஒரு பயணமா?’

உங்கட நானா, வீட்டில் எந்தப் பேச்சிலும் கலக்காத மனுஷன், அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தார். ‘ஸுலைஹா, ஒரு ஊர்ல நாலு நாளுக்கு மேல தங்கினா முஸாபிர் இல்லதானே.’ நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். ‘அது மனுசருக்கு’ என்றேன். பிறகு இரண்டு பேரிடமும் தெளிவாகச் சொன்னேன், இறக்குவது நல்லதா கெட்டதா என்பது என் பேச்சில்லை, ஒப்படைத்தவர் வாயால் இறக்கு என்று சொல்லட்டும், அந்த நிமிடமே இறக்குவோம், அதுவரைக்கும் யாரும் அதில் கை வைத்தால் மறுமையில் அவர்கள் கையைப் பிடிப்பேன். உங்களுக்குக் கோல் எடுத்துக் கேட்கச் சொன்னேன். நாலு தரம் எடுத்தார்கள். நீங்கள் வேலையில் இருந்தீர்கள், தூக்கத்தில் இருந்தீர்கள், பிறகு எடுக்கிறேன் என்றீர்கள், எடுக்கவில்லை. இப்போது மட்டும் நாலு நிமிடம் கத்த நேரம் கிடைத்ததாக்கும்! நிக்கொலஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். உங்கட நானா அவரை வழியனுப்பப் போய் வேலிக்கருகில் அரை மணித்தியாலம் நின்று கதைத்தார். வழியனுப்பவே அரை மணித்தியாலம் என்றால் பாருங்கள், எவ்வளவு மரியாதையான மனுஷன்.

மே பத்தொன்பது, எங்கட மகள் றிஃப்னாவுக்குப் பிள்ளை கிடைத்து நான் புத்தளத்துக்குப் போக வேண்டி வந்தது. பேரனைப் பார்க்கிற சந்தோஷம் ஒரு பக்கம், காலை விட்டுவிட்டுப் போகிற கவலை ஒரு பக்கம். உங்கட நானா சொன்னார், ‘நீ போ, நான் பாத்துக்கிறன், வாசல்லயே இரிப்பன்.’ மூன்று நாளும் கடைக்குக்கூடப் போகாமல் வாசலிலேயே இருந்திருக்கிறார், சாரா உம்மா சொன்னா. நான் திரும்பி வரும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தார். காவல் இருந்த களைப்பு! தறப்பாளைக்கூடப் புதிதாக, முன்னையிலும் அழகாக இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். அப்படிப்பட்டவருடைய தம்பி நீங்கள் என்று நினைக்கத்தான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு கச்சான் காற்று தொடங்கியது. எங்கட மணலில் அந்தக் காற்று எப்படியென்று உங்களுக்குத் தெரியும், சோற்றில் மணல், காதில் மணல், ஸுஜூதுக்குப் போனால் நெற்றியில் மணல். ஒரு நாள் பின்னேரம் தறப்பாளின் ஒரு மூலை பிய்த்துக்கொண்டு மேலே எழும்பியது. நான் கையில் இருந்த மாவோடு ஓடினேன். எனக்கு முன்னால் உங்கட நானா பாய்ந்தார் தம்பி, கல்யாணம் முடித்து இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ‘கிட்ட வராத! நீ கிட்ட வராத, நான் பாத்துக்கிறன்!’ என்று கத்திக்கொண்டே தறப்பாளின் மேல் குப்புற விழுந்து, காற்று அடங்கும் வரைக்கும் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அன்றைக்கு நான் அடுப்படியில் நின்று தனியாக அழுதேன். ஒரு அமானிதத்துக்காக இவ்வளவு பயப்படுகிற புருஷனை எனக்குத் தந்தவனுக்கு ஷுக்ர் செய்து இரண்டு ரக்அத் தொழுதேன்.

இவ்வளவும் நடந்த வாசலை நளீர் ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள். நாற்பத்தொரு வாளி தண்ணீர் அதில் தெரியவில்லை. குசினி ராக்கை தெரியவில்லை. நான் ஊதின மூச்சு தெரியவில்லை. தறப்பாளுக்குள் தூக்கியபடி ஒரு கால் மட்டும் தெரிகிறது, உடனே ‘நாசமாக்கிட்டீங்க.’

ஆகவே என் வாக்குமூலத்தை எழுதி முடிக்கிறேன். மே ஐந்திலிருந்து இன்று வரைக்கும் அந்தக் காலில் ஒரு மனுஷக் கை படவில்லை. அது நீங்கள் விட்ட இடத்தில், விட்ட உயரத்தில், விட்டபடியே இருக்கிறது. றப்பர் வெடித்திருந்தால் அது நீங்கள் விட்ட விதத்தால் வெடித்தது, நான் காத்த விதத்தால் அல்ல. வெள்ளிக்கிழமை உங்கட ஆள் வரட்டும், சாட்சிகளை வைத்துத் தறப்பாளைத் திறந்து, ‘கால்: மேலே’ என்று அவர் கையாலேயே என் கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போட்டைக் கொண்டு போகட்டும். எனக்கு அது போதும். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்புகிற எந்தச் சாமானையும் என் வாசலில் இறக்க மாட்டேன், ஒரு பேரீச்சம்பழப் பெட்டியாக இருந்தாலும் சரி.

கோபத்தில் எழுதியதில் எல்லை மீறியிருந்தால் அதை அவன் மன்னிக்கட்டும், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். உங்கட உழைப்பில் பறக்கத்தும் உடம்பில் ஆரோக்கியமும், வெயிலில் நிழலும் தருவானாக. உங்கட மனைவி அக்கீலாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள், சூடு குறையும்.

இப்படிக்கு,
அமானிதத்தைக் காத்த
மதினி சித்தி ஸுலைஹா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போன இடத்தில் நிக்கொலஸ் வந்தார். வெள்ளிக்கிழமை ஆள் வருகிறதென்றால் அதற்கு முதல் நாங்களே ஒருக்காத் திறந்து பார்த்துவிடுவோம் என்றேன். உங்கட நானா, ‘இப்ப என்ன அவசரம், வெள்ளிக்கிழம பாப்பம்’ என்றார். நான் விடவில்லை. சாரா உம்மாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். தறப்பாளை நான் என் கையாலேயே அவிழ்த்தேன், சாக்கை எடுத்தேன், போர்வையை எடுத்தேன்.

தென்னங்குற்றி.

மரத்தாங்கியின் மேல், அளவுக்கு வெட்டின ஒரு தென்னங்குற்றி. விசிறி இருக்க வேண்டிய முனையில், மே மாதத்திலிருந்து நான் தேடிக்கொண்டிருக்கிற சோற்றுப் பானையின் மூடி, கம்பி வைத்துக் கட்டியிருந்தது. உங்கட கால் அதற்கு உட்பக்கம், போட்டின் முதுகோடு, மணலில் வெட்டின ஒரு குழிக்குள், சுத்தமாக இறக்கிவிட்டபடி, விசிறிக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்த்து, கிறீஸ் பூசி, மாப்பிள்ளையாட்டம் நின்றது. நிக்கொலஸ் றப்பரை விரலால் அழுத்திக் காட்டினார். பிள்ளையின் கன்னம் மாதிரி இருக்கிறது. ஒரு வெடிப்பு இல்லை.

‘எப்ப செஞ்சீங்க?’ என்று கேட்டேன்.

‘நீ புத்தளம் போன அண்டைக்கு’ என்றார் உங்கட நானா, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

‘அமானிதம் எண்டு அவ்வளவு சொன்னனே!’

‘அதுக்குத்தான் செஞ்சன்.’

நிக்கொலஸ் இடையில் புகுந்தார். ‘அக்கா, உங்கட சொல்லைக் கேட்டா றப்பர் செத்திரும். கேக்காட்டி நானா செத்திருவாரு. அதுதான் ரெண்டையும் காப்பாத்தினம்.’ சாரா உம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு நுரைச்சோலைச் சந்தைக்குக் கேட்டிருக்கும்.

ஆகவே தம்பி, ஒரு மனுஷக் கை படவில்லை என்று மேலே எழுதியிருப்பது பொய். நாலு கை பட்டிருக்கிறது. கொப்பியில் முதல் பதினாலு ‘மேலே’ மட்டும்தான் உண்மை, மிச்சமெல்லாம் தென்னங்குற்றியைப் பற்றியது. தாளின் இரண்டு பக்கமும் எழுதிவிட்டதால் கிழிக்க மனம் வரவில்லை, அந்தப் பகுதிகளை வாசிக்காமல் தாண்டுங்கள். ஆனால் ஒன்று, ஐந்து மாதமும் நான் காலைத் தூக்கித்தான் வைத்திருந்தேன். அது தூங்கிக்கொண்டு கீழே இருந்தது என் குற்றமில்லை. நீங்கள் சொன்ன அந்தச் சொல்லைத் திருப்பி எடுங்கள், ஆளை அனுப்ப வேண்டாம், போட் நவம்பர் முதலாம் கிழமை கடலில் இறங்கும், உங்கட நானாதான் ஓட்டுவார். இறக்கும்போது போட்டுக்குள் நானும் ஏறுவேன், இனி இவர்கள் இரண்டு பேரையும் நம்பி ஒன்றும் விட ஏலாது.

உங்கட நானாவோடு நான் கதைக்கவில்லை. மூன்று நாளுக்கு மேல் கதைக்காமல் இருக்கக்கூடாது என்பது மார்க்கம், அதனால் வியாழக்கிழமை மஃரிபுக்குப் பிறகு கதைப்பேன். அதற்கு முதல் அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். நான் அவரிடம் சொல்ல மாட்டேன்.